பனிமலை வண்டியும் உயிர்க்காப்புக் கருவிகளும்

வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணல்நிலத்தில் அமைந்த காத்தான்குடியில் உறைபனி பெய்ததில்லை. எனினும், துடுப்பு வலித்துச் சென்ற தோணிக்கு இயந்திரம் பூட்டப்பெற்றபின் மீனவர் கரை மறையுந் தூரம் போகத் துணிந்ததையும், அத்தூரமே அவர்களுக்குப் புதிய ஆபத்தாயினமையையும் இக்கரையோர மக்கள் நன்கறிவர். உறைபனி மூடிய மலைகளில் ஓடும் இயந்திர வண்டியின் வரலாறும் ஏறத்தாழ இத்தகையதே.

இவ்வண்டி விளையாட்டுக்கென்று பிறந்ததன்று. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் கார்ல் எலியாசன் என்பவர் 1924ஆம் ஆண்டில் சறுக்குப் பலகையொன்றில் சிறு இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டினார். கனடாவின் கியூபெக் மாகாணத்திலோ துயரமொன்று இம்முயற்சிக்கு உரமூட்டிற்று. ஜோசப் ஆர்மன்ட் பொம்பார்டியே என்பவரின் இரண்டு வயது மகன் 1934ஆம் ஆண்டு மாரியில் வயிற்றறை அழற்சியால் வருந்தினான். பாதைகளைப் பனி மூடியிருந்தமையால் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல இயலாது போயிற்று, குழந்தை இறந்தது. பனியில் ஓடும் வண்டியை ஆக்குவதில் முன்னரே ஈடுபட்டிருந்த அத்தந்தை, பல்லுருளையால் இழுக்கப்படும் பட்டிக்கு 1937இல் காப்புரிமை பெற்றார். எழுவர் அமரத்தக்க அவரது வண்டி வைத்தியருக்கும் தபாற்காரருக்கும் உதவிற்று. ஒருவரோ இருவரோ ஏறிச்செல்லும் 'ஸ்கீ-டூ' 1959இல் வெளிவந்த பின்னரே இது பொழுதுபோக்காகப் பரவியது.

தொடக்ககாலச் சிறுவண்டிகள் ஆழ்ந்த புதுப்பனியிற் புதைந்தன. செங்குத்துச் சரிவுகளில் ஏற வலியற்றிருந்தன. அவ்வலியின்மையே ஓட்டியவர்களுக்குக் காவலாயிருந்தது எனலாம். பின்னர் இயந்திரத்தின் ஆற்றல் பெருகியது, பட்டி நீண்டது, பட்டியின் பற்கள் மூன்று அங்குல உயரம்வரை வளர்ந்தன. முன்னர் எட்டாதிருந்த சரிவுகளில் ஒரே நாளிற் பல தடவை ஏறியிறங்குவது எளிதாயிற்று. அச்சரிவுகள்தாம் பனி திரண்டு இடிந்து விழும் இடங்கள்.

காப்புக் கருவிகளைப் பற்றிய சிந்தனை முதலில் வண்டியிலிருந்து விழுதலையே நோக்கியது. தலைக்கவசம் வந்தது. ஓட்டுபவரின் உடையோடு கயிற்றாற் பிணைக்கப்பட்ட விசையும் வந்தது. அவர் விழுந்தால் இயந்திரம் தானே நின்றுவிடும். இயந்திரப் படகுகளிலும் இவ்வேற்பாடு உண்டு.

புதையுண்டவரைக் காண்பதெப்படி? நெடுங்காலம் மலையேறுவோர் நீண்ட சிவப்புக் கயிற்றை இடையிற் கட்டி இழுத்துச் சென்றனர். அதன் நுனியேனும் பனிக்குமேல் தெரியும் என்பது நம்பிக்கை. அமெரிக்கப் பொறியியலாளர் ஜோன் லோட்டன் 1968இல் வானொலி அலை அனுப்பியும் பெற்றும் இயங்கும் சிறு கருவியை உருவாக்கினார். ஆயினும் ஐரோப்பாவில் வேறோர் அலைவரிசையும் வழங்கியமையால், ஒருவரின் கருவி மற்றொருவரின் கருவிக்குச் செவிடாயிருந்தது. 457 கிலோஹேர்ட்ஸ் என்னும் பொது அளவு நிலைபெறுவதற்குப் பல ஆண்டுகள் கழிந்தன. உயிர்காக்கும் கருவிக்கு இத்தகைய தாமதம் நேர்ந்தமை வருந்தத்தக்கதே.

காற்றுப் பையின் பிறப்பு சுவையானது. ஜெர்மனியின் பவேரியாவில் வனக்காவலர் ஒருவர், வேட்டை விலங்கைத் தோளிற் சுமந்திருந்த வேளைகளில் பனிச்சரிவு தம்மை மேற்பரப்பிலேயே வைத்திருந்ததைக் கவனித்தார். அரிசியும் பாக்கும் கலந்த பாத்திரத்தைக் குலுக்கினால் பாக்கு மேலெழுவதை நம் வீட்டுப் பெண்கள் அறிவர்; விதி அதுவே. பருமன் கூடியது மேலே வரும். அவ்வெண்ணத்தைப் பெற்ற பீட்டர் அஷௌவர், இழுத்தவுடன் ஊதிப் பெருக்கும் பையை 1985இல் விற்பனைக்குக் கொணர்ந்தார்.

இவையனைத்தும் காலத்தோடு நடத்தும் போராட்டமே. சுவிட்சர்லாந்தின் விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து 1994இல் வெளியிடப்பட்ட கணிப்பின்படி, புதையுண்டோருள் 15 நிமிடத்தில் உயிரோடிருப்போர் நூற்றுக்கு 92 பேர். 35 நிமிடத்தில் ஏறத்தாழ 30 பேரே. ஆதலால் அருகிலிருக்கும் தோழரும் அவர் கைமண்வெட்டியுமே முதல் உதவி. நகரத்திலிருந்து வருவோர் பெரும்பாலும் பிணத்தையே எடுப்பர். அத்தோழரும் பாதுகாப்பான இடத்தில் நிற்றல் வேண்டும். கனடாவின் ஃபேர்னி நகருக்கு அண்மையில் 2008 டிசம்பர் 28ஆம் நாள் பதினொருவர் வண்டிகளிற் சென்றனர். சிலர் புதையுண்டனர், மற்றோர் தோண்டிக்கொண்டிருக்கையில் மீண்டும் பனி சரிந்தது. எண்மர் மாண்டனர்.

இந்தியாவில் இவ்வண்டியைப் படையினர் சியாச்சின் பனியாற்றில் பொருள் சுமக்கப் பயன்படுத்துகின்றனர். அங்கே, ஏறத்தாழ 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவலிடத்தின்மீது 2016 பெப்ரவரி 3ஆம் நாள் பனிச்சுவர் இடிந்து விழுந்தது. மதராஸ் படைப்பிரிவின் 19ஆம் அணியைச் சேர்ந்த பதின்மர் புதையுண்டனர். மோப்ப நாய்களும் ராடார் கருவிகளும் கொண்டு தேடியபோது, ஆறாம் நாள், ஏறத்தாழ 25 அடி ஆழத்தில் கருநாடகத்தைச் சேர்ந்த ஹனுமந்தப்பா உயிரோடு காணப்பட்டார். அவரும் பெப்ரவரி 11ஆம் நாள் டில்லி இராணுவ மருத்துவமனையில் உயிர்நீத்தார். மாண்ட பதின்மருள் நால்வர் தமிழ்நாட்டினர்.