ரிமோட்டும் வெயிலும்

ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் நீங்களும் முதலில் பேட்டரியைத்தானே மாற்றுவீர்கள்? எங்கள் மின்னணுக் கழகத்திலும் அதுதான் நடந்தது. அர்டுயினோ பலகையில் அகச்சிவப்பு உணரியைப் பொருத்தி, யூனிவர்சல் ரிமோட்டை அழுத்தினோம். ஜன்னலோர மேசையில் ஒன்றும் நடக்கவில்லை. "கெட்டுப் போச்சு டீச்சர்!" மேசையை உள்ளே தள்ளியதும் விளக்கு எரிந்தது.

இந்தத் தொல்லை 1955-லேயே வந்தது. அமெரிக்காவின் செனித் நிறுவனத்தில் யூஜின் போலி உருவாக்கிய 'ஃபிளாஷ்மேட்டிக்' ஏறக்குறைய ஒரு டார்ச் லைட்தான். தொலைக்காட்சியின் நான்கு மூலைகளிலும் ஒளி உணரிகள் இருந்தன. ஒரு மூலையில் ஒளி பட்டால் சேனல் மாறும், இன்னொன்றில் பட்டால் சத்தம் அடங்கும். வெயிலும் ஒளிதானே! அது பட்டாலும் சேனல் மாறியது. 1956-இல் அதே நிறுவனத்தின் ராபர்ட் ஆட்லர் ஒளியை விட்டு ஒலிக்குப் போனார். பொத்தானை அழுத்தினால் சிறு சுத்தியல் அலுமினியத் தண்டைத் தட்டும். காதுக்கு எட்டாத மீயொலி எழும். பேட்டரியே வேண்டாம் (எனக்கு இன்றும் பிடித்த ரிமோட் இதுதான்).

1980களில் ஒளி திரும்பி வந்தது. இம்முறை அகச்சிவப்பு ஒளியை விநாடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கவிட்டார்கள். உணரி அந்தத் துடிப்பை மட்டுமே பொறுக்கும். வெயில் அப்படித் துடிப்பதில்லை. ஆனாலும் நேர் வெயில் உணரியைத் திணறடித்துவிடும். எங்கள் ஜன்னலோரக் கதை அதுதான்.

நிழலிலும் வேலை செய்யவில்லையா? பிராண்டுக்கு பிராண்ட் துடிப்பு வேறு: பிலிப்ஸின் ஆர்சி-5 முறைக்கு 36,000, சோனிக்கு 40,000. இந்தக் குழப்பத்துக்காகவே ஸ்டீவ் வோஸ்னியாக் 1987-இல், மற்ற ரிமோட்டுகளின் குறிகளைக் கற்றுக்கொள்ளும் 'கோர்' ரிமோட்டைக் கொண்டுவந்தார். ஆகவே பேட்டரியைக் கழற்றுமுன், கைப்பேசியின் முன் கேமராவில் ரிமோட்டின் நுனியைப் பாருங்கள். மினுமினுத்தால் பேட்டரி நலம். பிராண்ட் எண்ணை மாற்றிப் பாருங்கள்.