முதல் வாரத்து நோட்டு

ஜூலை இரண்டாவது வாரம் எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குச் செலக்‌ஷன். நாற்பது, ஐம்பது பையன்கள் வருவார்கள். கழுத்தில் விசில், கையில் நாற்பது பக்க நோட்டு, காதுக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பேனா, இதுதான் நான். உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வுபெற்று ஆறு வருஷம் ஆகிறது. நோட்டுகள் மட்டும் பரணில் கிடக்கின்றன. போன மாதம் இறக்கித் தூசி தட்டியபோது ஒரு பக்கம் கண்ணில் பட்டது. ஒரு பையன் பெயருக்கு நேராக, ‘ஷாட் விழவில்லை. வேண்டாம்’ என்று என் கையெழுத்து.

அந்தப் பையன் வேறு கல்லூரியில் சேர்ந்தான். இரண்டு வருஷம் கழித்து அரையிறுதியில் எங்களையே எதிர்த்து ஆடினான். அன்றைக்கும் அவன் போட்டது ஆறே புள்ளிதான். ஆனால் எங்கள் அணியின் முதல் ஆட்டக்காரனை ஆட்டம் முழுக்க ஒரு பந்துகூட நிம்மதியாகப் பிடிக்கவிடவில்லை. என் நோட்டில் அதற்கென்று ஒரு கட்டமே கிடையாது. புள்ளி, லே-அப், ஃப்ரீ த்ரோ, உயரம், அவ்வளவுதான் கட்டம் போட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. இந்த ஆட்டம் பிறந்த ஊரில் சீசன் தொடக்கத்தில் ஆளை எப்படி எடைபோட்டார்கள் என்று தேடித் தேடிப் படிப்பது. 1891-ல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடையை மாட்டித் தொடங்கிய ஆட்டம் இது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் தொடங்கியதுதான் இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்களுக்கெல்லாம் வாத்தியார் வந்த வழி அது. ஆகவே அமெரிக்கக் கல்லூரிக் கதைகளை அந்நியர் கதையாக என்னால் படிக்க முடியவில்லை.

முதலில் பில் ரசல். ஓக்லண்ட் நகரத்து மெக்கிளைமண்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் ஆடிய ஒல்லிப் பையன். அவனைத் தேடி வந்த கல்லூரி ஒன்றே ஒன்று, சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம். அதற்காக ஆள் பார்க்க வந்த ஹால் டிஜூலியோவுக்கு ரசலின் ஆட்டத்தில் அடிப்படையே சரியில்லை என்று பட்டது, புள்ளியும் அதிகமில்லை. ஆனாலும் ஆட்டம் இறுகும் நேரத்தில் இந்தப் பையன் சரியான இடத்தில் நிற்கிறான் என்பதை அவர் கவனித்துவிட்டார். அந்த ஒரு கவனிப்புக்காகவே அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

அந்தக் கல்லூரிக்குச் சொந்தமாக ஒரு ஆடுகளம்கூட இல்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் ஜிம்மில் பயிற்சி. 1954 டிசம்பரில், சீசன் தொடங்கி மூன்றாவது ஆட்டத்திலேயே லாஸ் ஏஞ்சலிஸின் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்திடம் 47-40 என்று தோற்றார்கள். பயிற்சியாளர் ஃபில் வூல்பெர்ட் தொடக்க ஐவரில் ஹால் பெர்ரியைக் கொண்டுவந்தார். ரசல், கே.சி. ஜோன்ஸ், பெர்ரி என்று மூன்று கறுப்பின ஆட்டக்காரர்கள் ஒரே நேரத்தில் களமிறங்கினார்கள். இன்றைக்கு இது செய்தியே இல்லை. அன்று பல கல்லூரிகளில் கறுப்பின ஆட்டக்காரர்கள் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்கிற மாதிரி எழுதாத கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆளை எடைபோடும் தராசிலேயே தோலின் நிறத்தை ஒரு கல்லாகப் போட்டு வைத்திருந்த காலம். வூல்பெர்ட் அந்தக் கல்லை எடுத்து வெளியே போட்டார். அந்தத் தோல்விக்குப் பின் அவர்கள் தொடர்ந்து 60 ஆட்டங்களில் தோற்கவில்லை. 1955, 1956 இரண்டு வருஷமும் தேசியப் பட்டம்.

ரசல் கல்லூரியில் எத்தனை பந்தைத் தடுத்து வீழ்த்தினார்? யாராலும் சொல்ல முடியாது. பந்தைத் தடுக்கும் பிளாக், பறிக்கும் ஸ்டீல் இரண்டையும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. 1985-86 சீசனில்தான் கணக்கில் சேர்த்தது. கூடை விழப் பந்து கொடுக்கும் அசிஸ்ட் முறையாக ஏறியதே 1983-84-ல். கல்லூரி ஆட்டத்தையே தலைகீழாகத் திருப்பிப் போட்ட ஒரு வேலைக்கு முப்பது வருஷம் நோட்டில் கட்டம் இல்லை. என் நாற்பது பக்க நோட்டு தனியாக ஒன்றும் பாவம் செய்யவில்லை என்று அதைப் படித்த அன்று கொஞ்சம் ஆறுதல்.

ரசலைத் தோற்கடித்த அந்த யூ.சி.எல்.ஏ.வின் பயிற்சியாளர் ஜான் வுடன். இந்தியானா மாநிலத்துக்காரர், பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர், 1948-ல் லாஸ் ஏஞ்சலிஸ் வந்தார். முதல் தேசியப் பட்டம் 1964-ல்தான். பதினாறு வருஷக் காத்திருப்பு. இன்றைய கல்லூரி நிர்வாகங்கள் மூன்று வருஷம் பொறுக்குமா தெரியவில்லை.

வுடனின் சீசன் பந்தோடு தொடங்காது. முதல் நாள் எல்லாரையும் உட்காரவைத்து, காலுறை போடுவது எப்படி என்று தானே செய்து காட்டுவார். சுண்டுவிரல் பக்கமும் குதிகால் பக்கமும் சுருக்கம் இருக்கக் கூடாது, கையால் நீவிவிட வேண்டும். பிறகு ஷூ நாடாவை ஒவ்வொரு கண்ணாக இழுத்துக் கட்ட வேண்டும். சுருக்கம் இருந்தால் கொப்புளம். கொப்புளம் வந்தால் ஒரு வாரப் பயிற்சி போச்சு. நாடு முழுக்கப் பேர் வாங்கிய பையன்கள் ‘இது என்ன கிழவர் எல்.கே.ஜி. பாடம் எடுக்கிறார்’ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்களாம். எனக்குத் தோன்றுவது வேறு. சொன்னதை யார் மறுநாளும் செய்கிறான் என்று பார்ப்பதற்கு இதைவிட மலிவான சோதனை கிடையாது.

தினமும் காலையில் உதவியாளர்களோடு உட்கார்ந்து அன்றைய பயிற்சியை நிமிடக் கணக்கில் திட்டமிட்டு, மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டையில் எழுதிப் பையில் வைத்துக்கொள்வார். 1974-75-ல், அவருடைய கடைசி சீசனில், கேலிமோர், தார்ப் என்ற இரண்டு உளவியலாளர்கள் பயிற்சியில் உட்கார்ந்து அவர் வாயிலிருந்து வருவதையெல்லாம் எண்ணினார்கள். 2,326 பதிவுகள். அதில் பாராட்டு 7 சதவீதம்கூட இல்லை. அதிருப்தியும் ஏறக்குறைய அதே அளவு. முக்கால்வாசி, எதை எப்படிச் செய்வது என்ற தகவல். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பயிற்சியில் யாராவது உட்கார்ந்து எண்ணியிருந்தால், ‘டேய்’ என்பதே பாதி வந்திருக்கும்.

இப்போது 1965 நவம்பர் 27-க்கு வருகிறேன். எனக்குக் கால இயந்திரம் ஒன்று கிடைத்தால் இறங்க வேண்டிய ராத்திரி இதுதான்.

அந்தக் காலத்து விதிப்படி முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் பெரிய அணியில் ஆட முடியாது. அவர்களுக்குத் தனி அணி, தனி ஆட்டங்கள். ஒரு வருஷம் படிப்பில் ஊன்றட்டும் என்பது எண்ணம். யூ.சி.எல்.ஏ.வின் பெரிய அணி 1964, 1965 இரண்டு வருஷமும் தேசியப் பட்டம் வென்றது. புது சீசன் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே பத்திரிகைகள் அதற்கு நாட்டிலேயே முதலிடம் கொடுத்துவிட்டன. பாலி பெவிலியன் என்ற புத்தம்புது அரங்கம் திறக்கிறார்கள். திறப்பு நாளில் ஒரு வேடிக்கை ஆட்டம்: பெரிய அணியோடு முதலாண்டுப் பையன்கள் மோதுவது. பன்னிரண்டாயிரம் பேர் கூட்டம்.

பையன்கள் பக்கம் நியூயார்க்கிலிருந்து வந்த, ஏழடிக்கு மேல் வளர்ந்த ஒருவர் இருந்தார். லூ அல்சிண்டார். பின்னாளில் உலகம் அறிந்த கரீம் அப்துல் ஜப்பார். கூட லூஷியஸ் ஆலன், லின் ஷேக்கல்ஃபோர்ட், கென்னி ஹைட்ஸ். ஆட்டம் முடிந்தபோது முதலாண்டு 75, தேசியச் சாம்பியன் 60. அல்சிண்டார் மட்டும் 31 புள்ளி, 21 ரீபவுண்ட். நாட்டிலேயே முதல் அணி, சொந்த வளாகத்தில் இரண்டாவது அணி என்று ஊர் சிரித்தது.

வேறு ஒருவராக இருந்தால் அன்றிரவே பெரிய அணியைப் பிரித்துப் போட்டிருப்பார். வுடனால் அதுவும் முடியாது. விதி கையைக் கட்டியிருந்தது. கண்ணெதிரே நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரரை வைத்துக்கொண்டு, அவர் இல்லாமல் ஒரு சீசனை ஓட்ட வேண்டும். பெரிய அணி 18 வெற்றி, 8 தோல்வி என்று முடித்தது. தேசியத் தொடருக்குள்ளேயே நுழையவில்லை. முதலாண்டு அணி ஆடிய 21 ஆட்டத்தையும் வென்றது. அந்த வருஷத் தேசியப் பட்டம் டெக்சஸ் வெஸ்டர்ன் கல்லூரிக்குப் போனது. தொடக்க ஐவரும் கறுப்பின ஆட்டக்காரர்கள், எதிரே முழுக்க வெள்ளையரான கென்டக்கி, 72-65. நவம்பர் மாதத்து ஆரூடம் ஒவ்வொன்றும் மார்ச்சில் குப்பைக்குப் போனது.

அடுத்த டிசம்பரில் பெரிய அணிக்கு வந்த முதல் ஆட்டத்திலேயே அல்சிண்டார் 56 புள்ளி போட்டார். அந்த சீசனில் அந்த அணி 30 ஆட்டம், 30 வெற்றி.

முதலாண்டுத் தடை 1972-73 சீசனோடு போயிற்று. அதற்கு ஒரு வருஷம் முன்பே, மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் லெஃப்டி டிரைசெல் ஒரு கூத்து செய்தார். அன்றைய விதிப்படி அக்டோபர் 15-க்கு முன் பயிற்சி தொடங்கக் கூடாது. அவர் அந்தத் தேதி பிறந்த மூன்றாவது நிமிடம், நள்ளிரவு 12.03-க்குத் தன் பையன்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். கார்களின் முன்விளக்குதான் வெளிச்சம். முதல் நாள் ஓட்டம் எப்படியும் ஓடியாக வேண்டியது. அதை எல்லாரையும் முந்தி ஓடிவிட்டார். பிற்பாடு அதுவே ‘மிட்நைட் மேட்னஸ்’ என்று நாடு முழுக்கத் திருவிழாவாகி, ஓட்டம் காணாமல்போய் டான்ஸும் வாணவேடிக்கையும் மிஞ்சின. தேர் போய்ப் பொரிகடலைக் கடை மட்டும் நிற்கிற கதை.

வட கரோலினா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் டீன் ஸ்மித் என் மனத்துக்கு நெருக்கமான கணக்குப்பிள்ளை. ஒரு ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்காமல், பந்து கைக்கு வந்த ஒவ்வொரு தடவைக்கும் எத்தனை புள்ளி என்று 1950-களிலேயே கணக்குப் போடத் தொடங்கியவர். மெதுவாக ஆடும் அணிக்குப் புள்ளி குறைவாகத்தான் வரும். அதை வைத்து மட்டம் தட்டக் கூடாது என்பது அவர் நியாயம். ஆட்டம் முடிந்ததும் படத்தைத் திரும்ப ஓட்டி, மறைப்புக் கொடுத்தவன், தரையில் விழுந்து பந்தைப் பிடித்தவன், எதிராளியின் மோதலை நெஞ்சில் வாங்கியவன் என்று மார்க் போடுவார்கள். கூடையில் போட்டவன், பந்து கொடுத்தவனை நோக்கி விரல் நீட்ட வேண்டும் என்பது அவருடைய அணியில் சட்டம் மாதிரி.

1981 நவம்பரில் ஒரு பெரிய விளையாட்டு வார இதழ் அந்த அணியை அட்டையில் போட வந்தது. தொடக்க ஐவரில் நான்கு பேரைத்தான் ஸ்மித் அனுப்பினார். ஐந்தாவது, ஒரு ஆட்டம்கூட ஆடாத முதலாண்டுப் பையன். இன்னும் எதையும் சம்பாதிக்கவில்லை, அட்டை எதற்கு என்று நிறுத்திவிட்டார். முதல் ஆட்டத்தில் அந்தப் பையன் 12 புள்ளி போட்டான். மார்ச் மாத இறுதி ஆட்டத்தில் ஜார்ஜ்டவுனுக்கு எதிராகக் கடைசி நொடிகளில் 63-62 என்று ஆட்டத்தைத் திருப்பிய பந்தும் அவனுடையதுதான். மைக்கேல் ஜோர்டன். அட்டையில் போடாதது தப்பா? என்னைக் கேட்டால் சரி. களத்தில் இறக்கினார், அட்டையில் ஏற்றவில்லை. இரண்டும் வேறு வேறு தீர்ப்பு. நான் நோட்டில் அந்த இரண்டையும் ஒரே சிவப்பு மையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பிடித்த ஆள் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஸ்வென் நேட்டர், நெதர்லாந்தில் பிறந்தவர், பள்ளி அணியில் ஆடாதவர். இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் ஆட்டம் கற்றுக்கொண்டு யூ.சி.எல்.ஏ.வுக்கு வந்தார். அங்கே அவருடைய இடத்தில் பில் வால்டன் இருந்தார். ஆட்டத்தில் அதிகம் இறங்க வாய்ப்பில்லை, ஆனால் நாட்டின் மிகச் சிறந்த சென்டரோடு தினமும் பயிற்சியில் மோதலாம் என்று வுடன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நேட்டர் சம்மதித்தார். 1973-ல் என்.பி.ஏ. தொழில்முறை லீகின் அணியான மில்வாக்கி பக்ஸ் முதல் சுற்றிலேயே அவரைத் தேர்ந்தெடுத்தது. மறுவருஷம், அப்போது என்.பி.ஏ.வுக்குப் போட்டியாக இருந்த ஏ.பி.ஏ. லீகின் சிறந்த புதுமுகம் அவர்தான். ஏ.பி.ஏ., என்.பி.ஏ. இரண்டிலும் தலா ஒரு சீசனில் ரீபவுண்டில் முதலிடம் பிடித்த ஒரே ஆட்டக்காரரும் அவரே.

யூ.சி.எல்.ஏ.வில் ஒரு ஆட்டத்தில்கூட அவர் தொடக்க ஐவரில் இருந்ததில்லை.