கணக்கு எழுதிய கை: அதிகாரவர்க்கமும் நாமும்



அதிகாரவர்க்கத்தைப் பற்றிப் பேச குலசேகரன்பட்டினத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. தமிழ்நாட்டு வரலாறு இவ்வூரை ஓர் அலுவலரின் கொலையோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறது. 1942 செப்டம்பரில், 'வெள்ளையனே வெளியேறு' போராட்ட நாட்களில், இங்குள்ள உப்பளத்தில் உப்பு இலாகா அதிகாரி லோன் துரை கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் குறைக்கப்பட்டது. அன்று இந்தக் கடற்கரையில் அரசு என்றால் உப்பு இலாகாதான். கண்ணெதிரே விளையும் உப்பை உரிமம் இல்லாமல் அள்ளினால் அது குற்றம் என்று சட்டம் சொன்னது.

1947இல் உப்பு வரி ஒழிந்தது. இலாகா ஒழியவில்லை. உப்பு ஆணையர் அலுவலகம் பிற்காலத்தில் ஜெய்ப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. முழுமையாக நிறுவப்பட்டுவிட்ட அதிகாரவர்க்கம் அழிக்க மிகக் கடினமான சமூக அமைப்புகளில் ஒன்று என்று மாக்ஸ் வேபர் சொன்னதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

வேபர் இன்னொன்றும் சொன்னார். அலுவலகம் ஆளின் முகத்தைப் பார்க்காது, விதியைப் பார்க்கும் என்றார். மற்றவர்களுக்கு இது வறட்டுத்தனமாகத் தோன்றலாம். நமக்கு அது விடுதலையின் வாக்குறுதி. தெரு, கிணறு, டீக்கடை என எல்லாமே சாதியைப் பார்க்கும் ஊரில், எதையும் பார்க்காத ஒரு விதி இருக்குமானால் அதைப் பற்றிக்கொள்ளாமல் வேறு எதைப் பற்றிக்கொள்வது? நம் முன்னோடிகள் அரசு அலுவலகத்தை வெறுத்து ஒதுக்காததற்கு இதுவே காரணம். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தை நினைத்துப் பாருங்கள். பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றோடு அரசு அலுவலகத்துக்குள்ளும் எவரும் நுழையலாம் என்று அது கேட்டது. வரி வாங்கிய அரசின் வாசலை மிதிப்பதற்கே ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது! 1928இல் முத்தையா முதலியார் காலத்து வகுப்புவாரி ஆணை 12 பணியிடங்களில் 1 இடத்தை நமக்கு ஒதுக்கியது. குறைவுதான். ஆனால் பேனா நம் கைக்கு வரத் தொடங்கியது.

அந்தப் பேனா அதுவரை யார் கையில் இருந்தது? தாமிரபரணியின் அணைக்கட்டுகளும் கால்வாய்களும் பாய்ந்த நஞ்சை ஊர்களில் நிலம் பெரும்பாலும் பிராமண, வெள்ளாள மிராசுதார்களுடையது. சேற்றில் இறங்கிய உழைப்பு பெரும்பாலும் பள்ளர், பறையர் மக்களுடையது. அவ்வூர்களின் கணக்கை எழுதியவர் கர்ணம். அந்தப் பதவி தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தில் இறங்கியது. நம்மவர்களும் அந்த நிர்வாகத்தில் இருந்தார்கள். வெட்டியானாகத் தண்டோரா போட்டார்கள். நிலம் அளக்கையில் சங்கிலி பிடித்தார்கள். வரி வசூலுக்கு ஆளைக் கூட்டி வந்தார்கள். அளந்த நிலத்தை யார் பெயரில் எழுதுவது என்று முடிவு செய்த இடத்தில் மட்டும் அவர்கள் இல்லை. மேலே லண்டன் வரை நீண்ட அதிகாரவர்க்கம், கீழே கிராமச் சாவடியில் சாதியாகவே முடிந்தது.

இதை ஆங்கில அதிகாரியே ஆவணமாக்கினார். செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை, தரிசு நிலம் கேட்டு நம் மக்கள் போட்ட விண்ணப்பங்களை மிராசுதார்களின் முன்னுரிமை எப்படி விழுங்கியது என்று காட்டியது. விதி எல்லோரையும் விண்ணப்பிக்கச் சொன்னது. அதே விதி மிராசுதாருக்கு முதலிடம் தந்தது. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. பத்தாண்டு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. ஆணை சரியாகவே இருந்தது. அதைப் பதிவேட்டில் காக்க வேண்டிய கை பழைய கையாகவே இருந்தது. நிலம் கைமாறியது. மீட்கக் கிளம்பியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் இழந்தோம். 1979இல் தொடங்கிய யூ.டி.ஆர். நிலப் பதிவுப் பணியில் பல ஊர்களின் பஞ்சமிக் குறிப்பே விடுபட்டுவிட்டது என்பது நில மீட்பு இயக்கங்களின் நெடுநாள் குற்றச்சாட்டு.

1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. கிராம நிர்வாக அலுவலர் தேர்வு எழுதி வந்தார். இட ஒதுக்கீட்டில் நம் பிள்ளைகளும் வந்தார்கள். வழிவழி உரிமை இருந்த இடத்துக்குத் தேர்வு வந்தது சிறிய மாற்றம் அல்ல. விதி முகம் பார்க்காமல் இருக்க, அதை எழுதும் நாற்காலி யாருக்கும் சொத்தாக இருக்கக் கூடாது. இந்தப் பாடத்தை நாம் மறக்கலாகாது.

ஆனால் நாற்காலி மாறியதால் மட்டும் அலுவலகம் நம்முடையதாகிவிடவில்லை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் சென்றார்கள். கூலி உயர்வு வேண்டும், சிறையில் இருக்கும் தொழிலாளர்களை விடுவிக்க வேண்டும் என்பவை கோரிக்கைகள். அவர்கள் போன இடம் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகம். கையில் இருந்தது மனு. தடியடிக்குத் தப்பி ஆற்றில் இறங்கியவர்களையும் விடவில்லை. குழந்தை ஒன்று உட்பட 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள். பின்னர் நீதிபதி மோகன் ஆணையம் காவல்துறையின் நடவடிக்கையைப் பெரிதும் நியாயப்படுத்தியது. மனு கொடுக்கப் போனவர்களின் சாவு, ஓர் அறிக்கையாகிக் கோப்பில் சேர்ந்தது.

தமிழில் விண்ணப்பத்துக்கும் மனு என்றே பெயர். வருணத்தை வகுத்தவனுக்கும் அதே பெயர். அரசு நடத்தும் 'மனுநீதி நாள்' சோழன் பெயரால் வந்தது என்று சொல்வார்கள். இருக்கட்டும். அங்கே வரிசையில் நிற்கும் நம் மக்களுக்கு எந்த மனுவின் நீதி கிடைக்கிறது என்பதே கேள்வி. அரசியல் சட்ட வரைவை 1948 நவம்பர் 4 அன்று முன்வைத்த அம்பேத்கர், சட்டத்தின் வடிவத்தைத் தொடாமல் நிர்வாகத்தின் வடிவத்தை மட்டும் மாற்றியே சட்டத்தைச் சீர்குலைக்க முடியும் என்று எச்சரித்தார். நம் வரலாறு அந்த எச்சரிக்கைக்கு எழுதப்பட்ட நீண்ட அடிக்குறிப்பு.

இன்று குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் எழுகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. 2,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அதற்கானது. எந்தப் பெரிய திட்டத்திலும் இழப்பீடு பட்டாவில் உள்ள பெயரைத் தேடித்தான் வரும். தேரி மண்ணில் பனை ஏறியவரின் பெயரும், கூலிக்கு உழுதவரின் பெயரும், மேய்ச்சலுக்கு ஆடு ஓட்டிப்போனவரின் பெயரும் எந்தப் பதிவேட்டில் இருக்கின்றன? 2013ஆம் ஆண்டு மத்திய நிலம் எடுப்புச் சட்டம், மூன்றாண்டுகள் அந்நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயத் தொழிலாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது. சட்டம் ஏற்பது ஒன்று. பட்டியலில் பெயர் ஏறுவது வேறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மேசைதான் நம் களம்.

ஆகவே, அதிகாரவர்க்கமே வேண்டாம் என்று சொல்லும் சொகுசு நமக்கு இல்லை. அலுவலகம் பின்வாங்கிய இடத்தில் சுதந்திரம் வரவில்லை, மிராசுதார் வந்தார். நாம் கேட்பது விதி உண்மையிலேயே முகம் பார்க்காமல் இயங்க வேண்டும் என்பதை. அதற்கு நம் இளைஞர்கள் சிட்டா, அடங்கல், அ-பதிவேடு மூன்றையும் வாசிக்கக் கற்க வேண்டும். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தால் ஊர் ஊராகப் பழைய பதிவேடுகளின் நகலை வாங்க வேண்டும். 1892இன் குறிப்பு எந்தப் பக்கத்தில் இருந்தது, எந்தப் பக்கத்தில் காணாமல் போனது என்று நாமே எழுதி வைக்க வேண்டும். தேர்வு எழுதி நாற்காலிக்குப் போகும் நம் பிள்ளைகள், வாசலில் மனுவோடு நிற்பவரை உள்ளே அழைத்து உட்காரச் சொல்ல வேண்டும்.

சங்கிலி பிடித்த கை நம்முடையது. இனி கணக்கையும் அது எழுதட்டும்.

ஜெய்பீம்.