துணைபிரியா எலிகளும் மூளை ஓமோன்களும்

துணை பிரியாமைக்கு அன்றிலை எடுத்துக்காட்டுதல் நம் புலவர் மரபு. இருபதாம் நூற்றாண்டின் விலங்கியலாரோ அக்குணத்தை ஆராயும்பொருட்டு வட அமெரிக்காவின் பிரேரிப் புல்வெளிகளில் வாழும் ஒரு சிற்றெலியை நாடினர். அவர்களை அவ்வெலியிடம் கொண்டு சேர்த்த வழி மகப்பேற்று மருத்துவத்திலே தொடங்கியது என்பது வியப்புக்குரியது.

1906ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஹென்றி டேல், கபச்சுரப்பியின் பிற்பகுதியிலிருந்து எடுத்த சாறு பூனையின் கருப்பையைச் சுருங்கச் செய்தலைக் கண்டார். அச்சாற்றில் அடங்கிய பொருள், 'விரைந்த பிரசவம்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஒட்சிற்றோசின் எனப் பெயர் பெற்றது. அதனை ஆய்கூடத்தில் ஆக்கிய வின்சன்ற் டு விக்னோ 1955இல் நோபல் பரிசு பெற்றார். ஒன்பது அமினோ அமிலங்களாலாய சிறு மூலக்கூறு அது. உடலின் நீரைக் காக்கும் வசோபிரசின் அதனின்றும் இரண்டே அமிலங்களில் வேறுபடுவது. இவ்விரண்டும் கபச்சுரப்பியிலிருந்து குருதியிற் கலப்பனவாயினும், ஆக்கப்படுவது மூளையின் பரிவகக்கீழ் நரம்புக்கலங்களிலேயாம்.

மூளையில் தோன்றும் பொருள் மூளையிலேயே யாதேனும் தொழில் புரியாதோ? இவ்வினாவுக்கு 1979இல் பீடர்சன், பிராஞ்ச் என்னும் இருவர் விடை கண்டனர். குட்டி ஈனாத பெண்ணெலி பிறர் குட்டிகளைக் கண்டால் ஒதுங்குவது இயல்பு. அதன் மூளையறைக்குள் ஒட்சிற்றோசினைச் செலுத்தியபோது, அது கூடு கட்டிக் குட்டிகளைத் தாய்போல் பேணத் தலைப்பட்டது.

இதே காலத்தில் இலினோயிற் புல்வெளி எலிகளைப் பொறிவைத்துக் கணக்கெடுத்து வந்த லோவல் கெற்ஸ், ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக ஒரே சோடி மீண்டும் மீண்டும் ஒரே பொறியில் அகப்படுதலைக் கவனித்தார். சூ காட்டரும் அவரும் பின்னர் ஆராய்ந்து, இவ்வெலிகள் நிலையான துணை கொள்வன எனக் காட்டினர். (துணை என்றது உடனுறைதலையே, அயல் ஆணுக்குப் பிறந்த குட்டிகளும் அக்கூடுகளில் உண்டு.) இவற்றின் நெருங்கிய இனமாகிய ஈரப்புல்வெளி எலியோ தனித்து வாழ்வது. இரண்டினுள்ளும் சுரப்பவை அதே ஓமோன்கள். அங்ஙனமாயின் வேறுபாடு எங்குளது?

1992இல் தோமஸ் இன்செல் முதலியோர் அதனை ஓமோன்களை ஏற்கும் வாங்கிகளிடத்துக் கண்டனர். பிரேரி எலியில் இவ்வாங்கிகள், இன்ப உணர்வோடு தொடர்புடைய மூளைப்பகுதிகளிற் செறிந்திருந்தன. தனித்து வாழும் இனத்தில் அவ்வாறில்லை. 2004இல் லறி யங்கின் குழுவினர் வசோபிரசின் வாங்கிக்குரிய பரம்பரையலகை ஈரப்புல்வெளி ஆணெலியின் முன்மூளையிற் புகுத்த, அத்தனியனும் தன் துணையையே விரும்பி அணைந்தது. ஓமோன் ஒன்றாயினும் அதை ஏற்கும் இடமே ஒழுகலாற்றை மாற்றுகின்றது என்னும் இக்கருத்தே இவ்வரலாற்றின் உயிர்நிலை என்பது எமது துணிபு. செய்தித்தாள்களோ இதனை விட்டு, 'அன்பு ஓமோன்' என்ற கவர்ச்சிப் பெயரைப் பற்றிக்கொண்டன.

அப்பெயருக்கு 2023இல் ஓர் இடர் நேர்ந்தது. ஒட்சிற்றோசின் வாங்கியே இல்லாதவாறு பரம்பரையலகு திருத்தப்பட்ட பிரேரி எலிகளைக் கலிபோர்னிய ஆய்வாளர் வளர்த்தனர். அவையும் துணை கொண்டன. பெண்ணெலிகளிற் சில குட்டி ஈன்று பாலூட்டவும் செய்தன. பிறப்பு முதலே வாங்கியை இழந்த மூளை வேறு வழியைச் சமைத்துக்கொண்டதா, அன்றி அவ்வழி முன்னரே இருந்ததா என்பதே இன்று அவ்வாய்கூடங்களில் ஆராயப்படும் வினாவாகும்.