180க்கு 50: கார் சிடி செட்டுக்கு ஓர் அஞ்சலி

இன்றைய புதுக் கார் எதிலாவது ஏறி உட்கார்ந்து, சிடி போடும் வாய் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அநேகமாகக் கிடைக்காது. அது இருந்த இடத்தைத் தொடுதிரை எடுத்துக்கொண்டுவிட்டது. ஒரு காலத்தில் கார் வாங்கியவர்கள் சீட் கவருக்கும் முன்னால் பணம் ஒதுக்கியது சிடி செட்டுக்குத்தான். கார் கம்பெனி கொடுத்த செட்டைக் கழற்றிவிட்டு, பிடித்த செட்டைத் தேடி வாங்கி மாட்டினால்தான் அந்த வண்டி முழுதாகத் தங்களுடையதானது என்று நினைத்தார்கள். அந்தக் கருவி மறைந்துவிட்டது. அதை மாட்டித் தந்த கைத்தொழிலும் தேய்ந்துகொண்டிருக்கிறது. யாரும் அறிவிக்காமல் நடந்த மறைவு என்பதால் இந்த அஞ்சலி.

சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த குறுந்தகட்டை வாசிக்கும் முதல் வீட்டுக் கருவி, சோனியின் சிடிபி-101, 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1984இல், பயனியர் நிறுவனம் சிடிஎக்ஸ்-1 என்ற செட்டைக் காருக்கென்றே வெளியிட்டது. உலகின் முதல் கார் சிடி பிளேயர் அதுதான் என்று அந்நிறுவனம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது.

அந்தப் பெருமைக்குக் காரணம் உண்டு. தகட்டில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர்தான், ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் அறுநூறு சுற்றுகளுக்கு மேல் அடங்கியிருக்கும். லேசர் அந்தத் தடத்தை விட்டு விலகாமல் படிக்க வேண்டும். வண்டியோ குழியில் இறங்கும், வேகத்தடையில் ஏறும். அதனால் தகட்டைச் சுழற்றிப் படிக்கும் பகுதியை முழுவதுமாகச் சிறு ஸ்பிரிங்குகளிலும் அதிர்வு தாங்கும் ரப்பர் புஷ்களிலும் தொங்கவிட்டார்கள். சிடியின் பிழைதிருத்தும் முறையும் கைகொடுத்தது. தடத்தில் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் அழிந்துபோனாலும் அதைப் பிசகில்லாமல் மீட்டுவிடும் கணக்கு அது. வெயிலில் நின்று கொதிக்கும் டேஷ்போர்டுக்குள், புழுதிக்கு நடுவே, இவ்வளவு நுட்பமான ஒளியியல் கருவி வருடக்கணக்கில் பாடியது பொறியியலின் பெரிய சாதனை. நாம் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டோம்.

சிடி செட்டுக்கு வாழ்வு கொடுத்தது வேறொரு எளிய ஏற்பாடு. கார் ரேடியோவின் முகப்பு 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும் என்று ஜெர்மனியின் தர நிர்ணய நிறுவனமான டின் வகுத்திருந்தது. 1984இல் அதுவே ஐஎஸ்ஓ 7736 என்ற சர்வதேசத் தரமானது. நம் மெக்கானிக்குகள் வாயில் சிங்கிள் டின் என்று புழங்கும் அளவு இதுதான். ஜப்பானியர்கள் உயரத்தை இரட்டிப்பாக்கியபோது டபுள் டின் பிறந்தது. கார் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், செட் எந்த நாட்டில் செய்ததாக இருந்தாலும், அந்தச் செவ்வகத்தில் ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தியது. கார் செய்தவருக்கும் செட் செய்தவருக்கும் இடையே ஓர் உடன்பாடு. பலன் முழுக்கக் காரின் சொந்தக்காரருக்கு.

நம் ஊரில் அந்த உடன்பாட்டின் அருமை இன்னும் அதிகம். மாருதி 800, அம்பாசிடர் போன்ற வண்டிகளின் சாதாரண மாடல்களில் செட்டே வராது. அந்த இடத்தை ஒரு பிளாஸ்டிக் மூடி அடைத்திருக்கும். விலை கூடிய மாடலில் கம்பெனி செட் என்று ஒரு கேசட் பிளேயர் வந்தாலும் அதில் பலருக்கு மனம் நிறையாது. சென்னையில் இருந்தவர்கள் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு வண்டியை விட்டார்கள். கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் அந்த ஜி.பி. ரோட்டில் சோனி, பயனியர், கென்வுட், ஜேவிசி, ஆல்பைன் செட்டுகள் பல நிறங்களில் மின்னிக்கொண்டிருக்கும். வெளிநாட்டுச் சரக்கு தேடியவர்கள் பர்மா பஜாருக்குப் போனார்கள். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர்களின் பெட்டியிலும் ஒரு செட் இருந்தது.

வாங்குவது சுலபம், மாட்டுவதுதான் வித்தை. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுவார்கள். பழைய செட்டின் இரு பக்கமும் சாவித்தகடுகளைச் செருகி வெளியே இழுப்பார்கள். புதிய செட்டின் தகரக் கூட்டை அந்தப் பொந்தில் வைத்து, அதன் காதுகளை ஸ்குரூடிரைவரால் மடக்கி இறுக்குவார்கள். அடுத்தது வயர். மஞ்சள், பேட்டரியிலிருந்து நேராக வரும் நிரந்தர மின்சாரம். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் வருவது. கறுப்பு எர்த். நீலம் ஆன்டெனாவுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா ஆகிய நான்கும் நான்கு ஸ்பீக்கர்களுக்கு. கறுப்புக் கோடு போட்டது மைனஸ். மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிக் கொடுத்துவிட்டால், வண்டியை நிறுத்தும்போதெல்லாம் நேரமும் பதிந்துவைத்த ஸ்டேஷன்களும் அழிந்துவிடும். எர்த் சரியில்லையென்றால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஆல்டர்னேட்டரின் கீச்சொலி ஏறும்.

காருக்குள் ஏற்கெனவே ஓடும் ஸ்பீக்கர் வயர்களில் எது பிளஸ், எது மைனஸ் என்று தெரியாதபோது, ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து வயர் முனைகளில் ஒரு கணம் தொடுவார்கள். ஸ்பீக்கரின் கோன் முன்னால் தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனை பிளஸ். உள்ளே இழுத்தால் மாறி இருக்கிறது. ஒரு ஸ்பீக்கர் மட்டும் தலைகீழாக இணைந்துவிட்டால் அதன் கோன் மற்றதற்கு எதிர்த்திசையில் அசையும்; இரண்டின் அடித்தாளமும் ஒன்றையொன்று தின்றுவிடும். பட்டப்படிப்பு எதுவும் இல்லாமல் இதையெல்லாம் கைப்பழக்கத்தால் கற்றவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். காரின் வயரை வெட்டாமல், கப்ளர் வாங்கி அதன் வழியாகவே இணைத்துக் கொடுத்த நல்ல தொழிலாளியை வாடிக்கையாளர்கள் பெயர் சொல்லித் தேடிப் போனார்கள். இந்த அஞ்சலியில் அவர்களுக்கும் பாதி பங்கு உண்டு.

செட் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால் இன்னொரு வேலை இருந்தது. அமெரிக்காவில் எஃப்எம் நிலையங்கள் ஒற்றைப்படைத் தசமத்தில் மட்டும் இருப்பதால், அங்கிருந்து வந்த செட் 101.4இல் ரெயின்போவையோ 106.4இல் ஹலோ எஃப்எம்மையோ பிடிக்காமல் தாண்டிப் போகும். மெனுவுக்குள் போய் நாட்டு அமைப்பை மாற்ற வேண்டும். இலங்கையில் சிக்கல் இன்னும் பெரிது. ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் செய்து இறக்கிய வாகனங்களின் கம்பெனி செட்டுகள் ஜப்பானின் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைக்கென்று செய்யப்பட்டவை. அதற்கு மேலுள்ள உள்ளூர் நிலையங்கள் கேட்கவேண்டுமென்றால் அலைவரிசையை இறக்கித் தரும் ஒரு சிறு பெட்டியை இடையில் வைக்க வேண்டும், அல்லது செட்டையே மாற்ற வேண்டும். அங்கே செட் மாற்றுவது ஆசைக்காக மட்டும் நடந்ததில்லை, தேவைக்காகவும் நடந்தது.

இவ்வளவு பாடும் எதற்காக? பாட்டுக்காக. கேசட்டின் அடியில் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் சிடியில் இல்லை. நாடா சிக்கும் பயம் இல்லை, வேண்டிய பாட்டுக்கு நாடாவை ஓட்டி ஓட்டிப் போக வேண்டியதும் இல்லை. 1992இல் ‘ரோஜா’ வந்த பிறகு தமிழ்த் திரையிசையில் ஒலிப்பதிவின் துல்லியமே பேசுபொருளானது. அந்தத் துல்லியத்தைப் பலர் முதன்முதலாக முழுதாகக் கேட்டது கதவுகள் மூடிய காருக்குள்தான். 2005இல் இளையராஜாவின் ‘திருவாசகம்’ சிம்பொனி வடிவில் வந்தபோது, கோரஸும் வயலின்களும் எங்கெங்கிருந்து எழுகின்றன என்று பிரித்துக் கேட்க நல்ல சிடி செட்டும் நான்கு ஸ்பீக்கர்களும் போதுமாக இருந்தன.

பிறகு எம்பி3 சிடி வந்தது. 700 மெகாபைட் தகட்டில், அன்று வழக்கமாக இருந்த 128 கிலோபிட் தரத்தில், ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரப் பாட்டு அடங்கும். சென்னையில் போட்ட தகட்டை மாற்றாமலே கன்னியாகுமரி போய்ச் சேரலாம். அந்தத் தகடுகளில் பெரும்பங்கு திருட்டுத் தகடுகள் என்பதும், பாட்டைப் படைத்தவர்களுக்கு அதில் ஒரு காசும் போகவில்லை என்பதும் உண்மை. அந்தக் குற்றம் கருவியுடையதல்ல. ஆனால் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது அதை மறைக்கக் கூடாது.

சிடி செட்டின் சாவுக்கு முதல் காரணமாக யூஎஸ்பியைச் சொல்வார்கள், பிறகு புளூடூத்தை. 2014இல் ஆப்பிளின் கார்ப்ளேயும் அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வந்தன. கைபேசியே செட் ஆயிற்று. இவை தகட்டைத்தான் கொன்றன. அந்தச் செவ்வகத்தைக் கொன்றது கார் வடிவமைப்பு. ஏசியின் குளிரும், பின்பக்கக் கேமராவும், ஸ்டீயரிங் பட்டன்களும், வண்டியின் அமைப்புகளும் ஒரே திரைக்குள் கலந்துவிட்டன. ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வடிவத்தில் திரை. உள்ளே அந்தக் கம்பெனியின் மென்பொருள். ஆண்ட்ராய்டு திரைகளை மாட்டித் தரும் கடைகள் இன்றும் உண்டு. ஆனால் மாடலுக்கென்று தனி ஃபிரேமும் தனி இணைப்புப் பெட்டியும் கிடைத்தால்தான் அது நடக்கும். பல புதிய வண்டிகளில் திரையைக் கழற்றினால் காரின் பாதி வேலைகள் நின்றுவிடும்.

சிடி போனதற்காக மட்டும் நான் வருந்தவில்லை. ஒரு கருவிக்கு வயதானால் இன்னொன்று வருவது இயல்பு. கேசட்டை அனுப்பிவிட்டுத்தான் சிடியே உள்ளே வந்தது. அப்படி ஒன்றை அனுப்பி மற்றொன்றை அழைக்கும் உரிமை சொந்தக்காரரிடம் இருந்தது. அந்த உரிமை பறிபோனதுதான் இழப்பு. ஒரு நல்ல காரின் எஞ்சின் பதினைந்து வருடம் ஓடும். அதன் திரைக்குள் இருக்கும் சில்லுகளும் மென்பொருளும் அவ்வளவு காலம் தாங்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. 180க்கு 50 என்ற அந்தப் பொந்து இருந்தவரை காரின் வயதும் செட்டின் வயதும் தனித்தனியாக இருந்தன. இன்று இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டார்கள்.

பழுதுபார்க்கும் உரிமைக்காக இந்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணைய முகப்பைத் தொடங்கியது. அதன் வரம்புக்குள் வாகனங்களும் வருகின்றன. கார்த் திரைகளுக்கும் ஒரு பொது அளவு, பொதுவான கப்ளர், வெளியாள் மாற்றக்கூடிய வழி வேண்டும் என்று கேட்க இதுவே சரியான நேரம்.

உங்கள் பழைய வண்டியில் சிடி செட் இன்னும் இருந்தால் அதைக் கழற்றி எடைக்குப் போடாதீர்கள். லென்ஸைத் துடைத்து, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஒரு தகட்டைப் போட்டுக் கேளுங்கள். புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் மைலேஜும் தள்ளுபடியும் கேட்டு முடித்த பிறகு இன்னும் ஒன்றைக் கேளுங்கள்: பத்து வருடம் கழித்து இந்தத் திரை கெட்டுப்போனால், இதைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்ட எனக்கு வழி இருக்கிறதா? நிறைய பேர் கேட்டால்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்வார்கள்.