தோம்பில் ஏறாத வீடுகள்

தோம்பு எண்ட சொல்லைக் கேள்விப்பட்டிருக்கிறீங்களா? பழைய காணி உறுதிகளைப் புரட்டின ஆக்களுக்குத் தெரிந்திருக்கும். காணி ஆருடையது, எவ்வளவு வரி கட்டவேணும் எண்டு போர்த்துக்கேயர் எழுதத் தொடங்கிய பதிவேடு அது. பின்னால் வந்த ஒல்லாந்தர் அதை இன்னும் விரிவாக எழுதினார்கள்.

காணிகளைக் கணக்கெடுத்த அதே போர்த்துக்கேயர்தான் 1620களில் திருகோணமலை மலையுச்சியில் இருந்த கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். அப்போது காப்பாற்றிக் கொண்டுவரப்பட்ட திருவுருவங்களின் தொடர்ச்சிதான் தம்பலகாமம் ஆதிகோணேசர் கோயில் எண்டு எங்கட ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். வரி வாங்கினவன் தனக்குத் தேவையானதை எழுதி வைத்தான். பறிகொடுத்த சனம் தன் கதையை வாயாலும் வழிபாட்டாலும் காப்பாற்றியது.

இந்தத் தோம்பு எண்ட சொல்லை எங்கட காலத்தில் ஓர் ஓவியர் கையில் எடுத்தார். அவர் தா. சனாதனன். 1969இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, டெல்லியில் ஓவியம் படித்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படிப்பிப்பவர்.

ஒரு கண்காட்சிக்கு ஓவியர் எப்படி ஆயத்தமாவார்? அறைக்குள் தனிய இருந்து கீறி, சட்டம் போட்டு, சுவரில் மாட்டுவார் எண்டுதான் நாங்கள் நினைப்போம். சனாதனனுடைய வேலை பெரும்பாலும் மற்ற ஆக்களின் வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது. 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 'அகம் புறம்' எண்ட கண்காட்சி நடந்தது. அதற்காக அவர் யாழ்ப்பாணத்து வீடுகளில் இருந்து சின்னச் சின்னப் பொருட்களைக் கேட்டு வாங்கிச் சேர்த்தார். கடையில் விற்றால் ஒரு ரூபாயும் பெறாத, ஆனால் அந்த வீட்டுக்காரர் தூக்கி எறிய மனம் வராத பொருட்கள். 1981இல் எரிக்கப்பட்ட நூலகத்துக்குள், எரியாமல் மிஞ்சிய வாழ்க்கை காட்சிக்கு வந்தது.

அதன் பிறகு வந்ததுதான் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு'. முடிவுறாத தோம்பு எண்டு சொல்லலாம். 2011இல் ரேகிங் லீவ்ஸ் பதிப்பகம் அதைப் புத்தகமாகக் கொண்டுவந்தது. போரால் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம், விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை நினைவில் இருந்து கீறித் தரும்படி கேட்டார். 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் வீடுகளும் இதில் உண்டு. மொத்தம் 80 ஆவணங்கள். வீட்டுக்காரர் தன் கையால் கீறின படம் முதலில் வரும். அதை அளவோடு திருத்திக் கட்டடக் கலைஞர் வரைந்தது அடுத்தது. அந்த வீட்டின் கதையைக் கேட்டபின் சனாதனன் பாஸ்டலால் கீறிய ஓவியம் மூன்றாவது.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டடக் கலைஞரின் கோடு நேராக இருக்கும். ஓவியரின் கோட்டில் பழக்கம் தெரியும். எனக்கு மனதில் நிற்பது முதல் கோடுதான். பள்ளிக்கூடம் விட்டபிறகு பென்சிலே தொடாத கை கீறிய கோடு அது. கோணல்மாணலாக இருந்தாலும் அந்த வீட்டின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் எண்டு அந்தக் கைக்குத் தெரியும். காணி உறுதி துலைந்த ஒருவரிடம் மிஞ்சிய உறுதி அது. அரசாங்கக் கந்தோரில் அதற்கு மதிப்பு இல்லாமல் போகலாம். ஆனால் வரலாறு எழுதப் போகிறவருக்கு அதுவும் ஆவணம்.

இதை ஏன் தம்பலகாமத்தில் இருந்து எழுதவேணும்? சனாதனன் எடுத்துக்கொண்டது வடக்கு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் திருகோணமலை மாவட்டத்துச் சனமும் வீட்டை விட்டு ஓடியது. வயலும் குளத்துத் தண்ணியும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் திரும்பி வந்த எல்லாருக்கும் பழைய வீடு கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். பழைய வீட்டின் படம் இப்போது அம்மம்மாமாரின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

அதற்குக் கண்காட்சி மண்டபமும் பதிப்பகமும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு கொப்பித் தாளும் பென்சிலும் போதும். "அம்மம்மா, அந்த வீட்டை ஒருக்காக் கீறிக் காட்டுங்கோ" எண்டு கேளுங்கள். "எனக்குக் கீறத் தெரியாது மோனை" எண்டுதான் சொல்லுவா. தாளைக் கையில் குடுத்துவிட்டு, குசினி எந்தப் பக்கம் இருந்தது, கிணறு எங்கே எண்டு மட்டும் கேளுங்கள். கீறின தாளில் அவவின் பெயரையும் திகதியையும் எழுதி வையுங்கள்.