ரப்பர் பையும் துரையின் சாலையும்

செயற்கை ரப்பர் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. மண்ணில் எளிதில் மக்காது. அதனால் பை, பெல்ட், மணிபர்ஸ் எல்லாவற்றையும் இப்போது இயற்கை ரப்பரில் செய்து 'பசுமைப் பொருள்' என்று விற்கிறார்கள். மரத்துப் பால் என்பதாலேயே அதில் கறை இல்லை என்று ஆகிவிடுமா?

துணியில் ரப்பர் பால் பூசி நீர் புகாத பை செய்யும் நுட்பம் அமேசான் பழங்குடிகளுடையது. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டன. பின்னர் மலாயா முழுக்க ரப்பர் தோட்டங்கள் எழுந்தன.

மரம் சீவ ஆள் வேண்டுமே? கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு வந்தார்கள். நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் பெருமளவில் கப்பலேறினார்கள். ஊரை விட்டுப் போனவர்களைத் தோட்டத்து லயத்திலும் சாதி விடவில்லை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி கொடு, கள்ளுக்கடையை மூடு என்றார்கள். இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி. ஊர்த்தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வைக்கப்பட்ட நம் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ் அரசு துப்பாக்கியால் பதில் சொன்னது. தொழிலாளர்கள் செத்தார்கள்.

அடுத்த ஆண்டே மலாயா ஜப்பானிடம் வீழ்ந்தது. ரப்பர் வரத்து நின்றதும் அமெரிக்கா செயற்கை ரப்பர் ஆலைகளைப் பெருமளவில் கட்டியது. இன்று நாம் மாற்றுத் தேடும் பொருள் அப்படித்தான் பெருகியது.

ரப்பர் பிறந்த அமேசானிலும் போராட்டம் நடந்தது. பிரேசிலின் ஆக்ரி மாநிலத்தில் ரப்பர் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு, காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்குவதைத் தடுத்தார்கள். அவர்களின் தலைவர் சிக்கோ மெண்டிஸ் 1988இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990இல் அவர் பெயரில் காப்பகம் அமைந்தது. காட்டில் பால் எடுத்துப் பிழைக்கும் உரிமை அங்கே வாழ்பவர்களுக்குக் கிடைத்தது. பழங்குடிகளின் பழைய நுட்பமும் 'தாவரத் தோல்' பைகளாகச் சந்தைக்கு வந்தது.

இரண்டும் ஒரே மரத்துப் பால்தான். ஒன்றில் மரம் சீவியவருக்கு சாலைகூடச் சொந்தமில்லை. மற்றதில் காட்டின் மீதே உரிமை உண்டு. அடுத்த முறை பசுமைப் பை வாங்கும்போது, பால் எடுத்தவர் யார், அவருக்கு என்ன கூலி, நிலம் யார் கையில் என்று கேளுங்கள். பதில் இல்லாத பையைப் பசுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.